பட்டியும் நிகண்டும்

மெனு என்பதற்குக் கணினித் தமிழில் வைத்த பெயர் ‘பட்டி’. கலைச்சொல் பட்டியல்களில் ஏறிவிட்டது. பேச்சுக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. பட்டி என்றால் ஆடுமாடுகளை அடைக்கும் இடம். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி என ஊர்ப்பெயர்களின் ஈறு. சுவருக்கு வண்ணம் பூசுமுன் பள்ளம் அடைக்கும் பசை. இத்தனை பொருள்களுக்கிடையில்தான் கணினித் திரையின் தலைமாட்டில் வரிசைகட்டி நிற்கும் சொற்களும் தமக்கோர் இடம் கேட்கின்றன. அச்சொல்லை நம் தங்கை மகனிடம் சொல்லிப் பார்த்தோம். “பெயின்ட்டுக்கு முன்னாடி பார்ப்பாங்களே, அந்தப் பட்டியா மாமா?” என்றான். கொத்தனார் மகன் வேறெப்படிக் கேட்பான்? மெனு என்றே வைத்துக்கொண்டோம். அதுவும் பிரெஞ்சுக்காரர் உணவு விடுதிகளுக்காகப் புழங்கிய சொல்தான். சிறியது, சிறுகச் சிறுகப் பிரித்துச் சொன்னது என்று அதற்கு அடிப்பொருள். கடன் வாங்கிய சொல்லாயினும் பொருத்தமான சொல்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் கட்டட வரைவாளர் பிரிவில் இரண்டாண்டு முடித்தான். பென்சிலும் மினி டிராஃப்டரும் கையில் கொடுத்தால் கோடு பிசகாது. ஆட்டோகேட் அவனுக்குப் பாடத்தில் இருந்தது. ஆனால் ஒரு கணினிக்கு நால்வர் என்ற கணக்கில் இவன் பெரும்பாலும் நாற்காலிக்குப் பின்னால் நின்றவன். அவன் தந்தை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபின், வீட்டுக்கு வரும் காசு தங்கையின் தையல் இயந்திரத்திலிருந்து வருவது மட்டும் என்றாயிற்று. நகரில் ஒரு பொறியாளர், “ஒரு மாசம் வந்து பார்க்கட்டும். கை ஓடினா வச்சுக்கலாம், ஓடலேன்னா வருத்தப்படக் கூடாது” என்றார். அந்த மாதம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. படித்த காலத்தில் பெற்ற மாணவர் உரிமம் அவன் மடிக்கணினியில் காலாவதியாகாமல் இருந்தது. மாலைதோறும் அதைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான். கட்டடக்கலை பற்றி நமக்குத் தெரிந்தது சிலப்பதிகார உரையில் வருமளவுதான். அவன் வந்தது அதற்காக அன்று. “உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்ல மாமா.” அவ்வளவே.

முதல் நாள் மெனுவையே காணோம். மேற்புறம் முழுவதும் படங்களாய் நிரம்பிய அகன்ற பட்டை. அதற்கு ரிப்பன் என்று பெயர். 2008இல் வெளியான ‘ஆட்டோகேட் 2009’ பதிப்பில் அது வந்தது. அதற்கு முன் சுமார் இருபதாண்டுகள் சொற்களாலான மெனு வரிசையே அந்த மென்பொருளின் முகமாக இருந்தது. 1987இல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் தொட்டால் கீழ்நோக்கி விரியும் மெனுக்கள் முதலில் தோன்றின. இன்றைய பதிப்புகளிலும் அந்த வரிசை அழிக்கப்படவில்லை. மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘மெனுபார்’ என்று இடைவெளியில்லாமல் தட்டி, என்டர் கொடுத்து, 1 என்று எழுதினால் திரைச்சீலை விலகியதுபோல் வந்து நிற்கும். 0 என்றால் மறையும். திரையின் உச்சியில் சிறு அம்புக்குறி ஒன்று உண்டு. அதைத் தொட்டும் வரவழைக்கலாம். இடது மூலையிலிருக்கும் பெரிய ‘ஏ’ எழுத்துக்குள் இன்னொரு மெனு இருக்கிறது. கோப்பைத் திறப்பது, சேமிப்பது, அச்சிடுவது ஆகிய வேலைகளுக்கு அது. அதன் தலையில் ஒரு தேடுபெட்டி. தேடும் பொருளின் பெயர் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உதவி.

ரிப்பனில் படங்கள் இருக்க, சொல் வரிசையை எதற்காக வரவழைக்க வேண்டும் என்று அவனே கேட்டான். படம் தொழிலறிந்தவனுக்குப் பேசும், அறியாதவனுக்கு ஊமை. தவிரவும், நமக்குக் கைவந்தது சொல் ஒன்றுதான்.

வரிசையாக எழுதிப் பார்த்தோம்: ஃபைல், எடிட், வியூ, இன்சர்ட், ஃபார்மட், டூல்ஸ், டிரா, டைமென்ஷன், மாடிஃபை, பாராமெட்ரிக், விண்டோ, ஹெல்ப். எண்ணினால் பன்னிரண்டு. ‘எக்ஸ்பிரஸ்’ என்று பதின்மூன்றாவது ஒன்று சில கணினிகளில் இருக்கும், அது உபரி. பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டதும் தமிழ் படித்தவனுக்குத் திவாகரம் நினைவுக்கு வராமலிராது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர், பல்பொருட் பெயர், செயற்கை வடிவப் பெயர், பண்பு பற்றிய பெயர், செயல் பற்றிய பெயர், ஒலி பற்றிய பெயர், ஒருசொற் பல்பொருட் பெயர், பல்பொருட் கூட்டத்து ஒருபெயர் எனப் பன்னிரண்டு தொகுதிகள் அதற்கும். எண் ஒத்தது தற்செயல். அமைப்பு ஒத்ததை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

நிகண்டில் ஒரு சொல்லைத் தேட அச்சொல்லின் முதலெழுத்து உதவாது. அது எவ்வினத்தைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். யானையின் பெயரை வேண்டுவோன் விலங்கின் தொகுதிக்குள் நுழைய வேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை எழுத்து வரிசையில் அடுக்கியபோதுதான் சொல்லைக் கொண்டு பொருளை எட்டும் வழி தமிழில் பரவலாகத் திறந்தது. மெனு நிகண்டு. திரையின் அடியில் ‘கமாண்ட்’ என்று காத்திருக்கும் கட்டளை வரி அகராதி. பெயர் தெரிந்தவன் அங்கே நேராகத் தட்டிவிட்டுப் போகிறான். பெயர் தெரியாதவன், தான் செய்ய விரும்புவது எந்தக் குடும்பத்து வேலை என்று யோசித்து, அந்த வாசல் வழியே போகிறான். யோசிப்பதில்தான் சிக்கல், அந்த வகைப்பாட்டை வகுத்தவன் மனம் வேறு, தேடுகிறவன் மனம் வேறு.

இல்லாவிட்டால் அவன் ஜன்னலைத் தேடி ‘விண்டோ’வுக்குள் போயிருப்பானா? வீட்டுப் படம் வரைகிறவன். வாசற்கதவுக்கு இடம் விட்டாயிற்று, ஜன்னல் வைக்க வேண்டும். மேலே ‘விண்டோ’ என்று எழுதியே இருக்கிறது. திறந்தான். உள்ளே ‘டைல் வெர்டிக்கலி’ என்றிருந்தது. ஜன்னலைத் தேடிப் போனவனுக்குத் தரைக்கல் கிடைத்தது என்று இருவரும் சிரித்தோம். அங்கே விண்டோ என்பது திறந்து வைத்த கோப்புகளின் சாளரம். டைல் என்பது அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் பரப்புவது. ‘பிளாட்’ என்பதும் இவ்வாறே. ஃபைல் மெனுவின் கீழ்ப்பாதியில் இருக்கும் பிளாட்டை அவன் மனைப் பிரிவு என்று நினைத்தான். ஊருக்கு வெளியே கல் நட்டு விற்பவர்கள் அதைத்தானே சொல்கிறார்கள்? நமக்கோ நாவல் வகுப்பில் நடத்தும் கதைப்பின்னல் நினைவுக்கு வந்தது. உண்மையில் அது அச்சிடும் வேலை. பேனாவைப் பிடித்துத் தாளில் கோடிழுக்கும் பிளாட்டர் இயந்திரத்தின் காலத்துச் சொல். இயந்திரம் போயும் சொல் போகவில்லை. ‘பிளாக்’ என்பது சிமெண்ட் கல் அன்று. பலமுறை வைக்க வேண்டிய கதவு, கழிவறைக் கோப்பை முதலியவற்றை ஒருமுறை வரைந்து கட்டி வைத்துக்கொள்ளும் பொட்டலம். அதைச் செய்ய ‘டிரா’வுக்குள் போக வேண்டும், செய்ததை எடுத்து வைக்க ‘இன்சர்ட்’டுக்குள். கட்டடத் தொழிலின் சொற்களே கட்டடம் வரையும் மென்பொருளில் வேறு பொருளில் நிற்பது, தொழில் தெரிந்த பையனைத்தான் அதிகம் தடுமாற வைத்தது. ஒன்றும் தெரியாதவன் இவ்வளவு இடறியிருக்க மாட்டான்.

ஒருசொற் பல்பொருளுக்கு இன்னும் நல்ல சான்று ‘காப்பி’. எடிட் மெனுவில் ஒரு காப்பி, மாடிஃபை மெனுவில் ஒரு காப்பி. முதலாவது, எடுத்ததைக் கணினியின் பொதுவான கைப்பையில் போட்டுக்கொள்வது. வேறொரு படத்திலும் போய் ஒட்டலாம். இரண்டாவது, இந்தப் படத்துக்குள்ளேயே, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இத்தனை தூரம் என்று அளவோடு பெயர்த்து வைப்பது. வரைவாளனுக்கு வேண்டியது பெரும்பாலும் பின்னது. எடிட் என்பதும் மாடிஃபை என்பதும் ஆங்கில அகராதியில் ஏறத்தாழ ஒன்றே. இங்கே எடிட் எல்லா மென்பொருளுக்கும் பொதுவான குடும்பச் சொத்து. மாடிஃபை வரைபடத்துக்கே உரியது. இதைச் சொன்னதும் அவனுக்குப் பிடிபட்டது. “அது ஊர்ப் பொதுக்கிணறு, இது நம்ம வீட்டுக் கிணறு” என்றான். பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறோம்; இப்படியோர் உவமை நம் வாயில் வந்ததில்லை.

எல்லாவற்றினும் முக்கியமென நாம் கருதுவது வியூவுக்கும் மாடிஃபைக்கும் இடையிலுள்ள வேறுபாடு. வியூவுக்குள் ‘ஜூம்’ உண்டு. மாடிஃபைக்குள் ‘ஸ்கேல்’ உண்டு. இரண்டிலும் திரையிலுள்ள வீடு பெரிதாகும். ஜூமில் வீடு பெரிதாவதில்லை. நாம் கிட்டே போகிறோம். ஸ்கேலில் வீடே பெரிதாகிறது. பத்தடி அறை இருபதடி அறையாகிறது. தாளில் வரைந்து பழகியவனுக்கு இது எளிதில் புரியாது, ஏனெனில் தாளில் கண்ணும் பொருளும் ஒரே அளவில் கட்டுண்டவை. அவன் முதல் நாள் 6 மீட்டர் சுவரை நூறால் வகுத்து 60 மில்லிமீட்டராக வரைந்தான். பயிற்சி நிலையத்தில் 1:100 என்று கையில் வரைந்த பழக்கம். கணினியில் 6000 என்றே வரைய வேண்டும், வீடு தன் முழு அளவில் உள்ளே கிடக்கட்டும், சுருக்குவதெல்லாம் கடைசியில் பிளாட் செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவனுக்கு ஒருநாள் முழுக்கக் கனவுபோல் இருந்தது. ஓரடி அகலத் திரைக்குள் ஒரு வீடு முழு அளவில் எப்படி இருக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். கேள்வி நியாயமானது. பார்வை வேறு, பொருள் வேறு என்பதை நம்மவர் எத்தனையோ நூல்களில் விவாதித்திருக்கிறார்கள். இங்கே அது இரண்டு மெனுத் தலைப்புகளாக அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

மெனுவின் உள்ளே சில சிறு குறிகள் உள்ளன. யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு சொல்லை அடுத்து வலப்புறம் முக்கோணம் இருந்தால், அது இன்னொரு சிறு மெனுவுக்கு வாசல். மூன்று புள்ளி இருந்தால், தொட்டவுடன் வேலை நடந்துவிடாது. ஒரு பெட்டி திறந்து உன்னிடம் விவரம் கேட்கும், அஞ்சாமல் தொடலாம். சொல் மங்கிக் கிடந்தால், இப்போது அது ஆகாது, அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதோ செய்யப்படவில்லை. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் புதியவனின் பயத்தில் பாதி போய்விடும். தெரியாத சொல்லைத் தொட்டால் எல்லாம் அழிந்துவிடுமோ என்ற அச்சந்தான் தமிழ்வழிப் பிள்ளைகளின் சுட்டுவிரலை மவுஸின் மேல் உறைய வைக்கிறது. ஆங்கிலம் தெரிந்த வீட்டுப் பிள்ளை இஷ்டத்துக்குத் தட்டிப் பார்த்துக் கற்கிறான். இவன் அனுமதிக்குக் காத்திருக்கிறான். ‘அன்டூ’வை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று பாடத்திட்டக் குழுக்களுக்கு நாம் பரிந்துரைப்போம். நம்மை யார் கேட்கிறார்கள்?

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நமக்குள்ளிருந்த தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். மெனுவின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் ஒரு கட்டளைத் தொடர் எழுதப்பட்டிருக்கிறது. ‘டிரா’வில் ‘லைன்’ என்பதன் அடியில் இருப்பது, கண்ட்ரோல்-சி என்பதை இருமுறை அழுத்தியதற்குச் சமமான குறி, பின் ஒரு அடிக்கோடு, பின் லைன். முதலிலுள்ள குறி, நடந்துகொண்டிருக்கும் வேலை எதுவாயினும் அதை விட்டு வெளியே வா என்பது. அடிக்கோடு, எந்த மொழிப் பதிப்பில் இருந்தாலும் இதை ஆங்கிலக் கட்டளையாகவே எடுத்துக்கொள் என்பது. ஆம், ஆட்டோகேட்டுக்குப் பிற மொழிப் பதிப்புகள் உண்டு: ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியம், கொரியம், செக், ஹங்கேரியம், போலிஷ், ரஷ்யம் என்று போகிறது வரிசை. தமிழ் அதில் இல்லை. ஆயினும் மெனு கல்வெட்டன்று. மேலே தெரியும் பெயரையும் அடியிலுள்ள கட்டளையையும் தனித்தனியே மாற்றும் வசதியை அந்த மென்பொருளே தருகிறது. பழைய பதிப்புகளில் மெனு என்பது சாதாரண உரைக்கோப்பாகவே இருந்தது. கட்டளையை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தமிழாக்கினால் போதும். வரை, திருத்து, அளவு, காட்சி, செருகு. ஒரு மாலைக்குள் தமிழ் மெனு தயாராகிவிடும். சொற்களைக்கூட மனத்துக்குள் தெரிவு செய்யத் தொடங்கிவிட்டோம். டிரிம் என்றால் ‘கத்தரி’, எக்ஸ்டெண்ட் என்றால் ‘நீட்டு’, மிரர் என்றால் ‘எதிரொளி’யா, ‘ஆடி’யா?

அவன் ஒப்பவில்லை. “அங்க இங்கிலீஷ்லதான் மாமா இருக்கும். நான் இங்க தமிழ்ல பழகிட்டு அங்க போய் நின்னா?” என்றான். கொரியப் பையனிடம் இப்படி யாராவது கேட்பார்களா என்று சற்றுக் கோபத்தோடு சொன்னோம். அவன் பேசாமல் இருந்தான். தமிழில் தொழில்நுட்பம் வர வேண்டும் என்று கருத்தரங்குகளில் நாம் பேசியதெல்லாம் பொய்யில்லை; இன்றும் அதே கருத்துத்தான். கொரியனுக்குத் தமிழனைவிட வாய்ப்பு அதிகமாயிருப்பதற்கு, அவன் மொழியில் மெனு இருப்பதைவிட அவன் அலுவலகத்திலும் அதே மெனு இருப்பதுதான் காரணம். வீட்டில் ஒரு மெனு, வேலையிடத்தில் ஒரு மெனு என்றால் இடையில் கிடந்து நசுங்குகிறவன் இந்தப் பையன். நம் கொள்கையின் செலவை அவன் ஒரு மாதச் சோதனைக் காலம் கட்ட வேண்டியதில்லை.

ஆகவே நோட்டு ஒன்று போட்டோம். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், ஒலிக்கும்படி தமிழில். வலப்பக்கம் பொருள். அடியில், அது எந்தத் தொகுதி. பன்னிரண்டு தொகுதிகளாகவே பிரித்தோம். பெயர்ச்சொல் ஒழித்து வினைச்சொல்லாக எண்ணினால், அன்றாட வேலைக்கு நாற்பது ஐம்பதைத் தாண்டாது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு நாமே போனோம். மைத்துனர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பையன் தரையில் உட்கார்ந்து நோட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தான். ‘ஆஃப்செட்’ என்ற இடத்தில் நாம் எழுதியிருந்த பொருள், ‘ஒரு கோட்டுக்கு இணையாக, குறித்த தொலைவில் இன்னொரு கோடு’ என்பது. பிழையில்லாத விளக்கம், உயிருமில்லை. மைத்துனர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்:

“என்னடா அது, திருப்பிச் சொல்லு.”

சொன்னான்.

“வானம் தோண்ட சுண்ணாம்புக் கோடு போடுறதுடா அது. சென்டர் நூல் கட்டிட்டு, இந்தப் பக்கம் ஒண்ணரை, அந்தப் பக்கம் ஒண்ணரை வைக்கிறமே. மூணடி வானம்.”

அஸ்திவாரக் குழியை அவர்கள் பக்கம் வானம் என்பார்கள். சுவரின் நட்ட நடுவே நூல் கட்டி, அதற்கு இருபுறமும் ஒன்றரையடி அளந்து, சுண்ணாம்புத் தூள் தூவிக் கோடிட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுப்பார்கள். ஆஃப்செட் என்பது அதுவே, இம்மியும் வேறில்லை. மென்பொருள் முதலில் தூரம் கேட்கும், பிறகு எந்தக் கோடு என்று கேட்கும், பிறகு எந்தப் பக்கம் என்று கேட்கும். “சித்தாள்கிட்ட அப்படித்தானே சொல்லணும்?” என்றார் மைத்துனர். அதன்பின் நோட்டு அவர் கைக்குப் போயிற்று. பையன் ஆங்கிலச் சொல்லுக்கு நம் விளக்கத்தைப் படிப்பான். அவர் அதற்கு வேலைத்தளத்தில் என்ன செய்வார்கள் என்று சொல்வார். டிரிம் என்றால் இரண்டு சுவர் குறுக்கே சந்திக்கிற இடத்தில் மிஞ்சியதைத் தட்டி எடுப்பது. சாம்ஃபர் என்றால் தச்சர் மூலையைச் சீவுவது. ஃபில்லட் என்றால் திண்ணையின் முனையைக் குழந்தைகளுக்குப் படாமல் உருட்டிப் பூசுவது. அதற்குப் பையன், “நகரத்து ஓட்டல் போர்டுல ஃபிஷ் ஃபில்லட்னு போட்டிருக்கே” என்று கேட்டான். ஃபில்லட் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு நூல் என்று பொருள். லைன் என்ற சொல்லும் சணல்நூலிலிருந்து வந்ததே. கொத்தனார் கையிலிருந்த நூல்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று நாம் சொன்னபோது மைத்துனர், “அது எங்களுக்குத் தெரியாதா?” என்பதுபோல் பார்த்தார். நன்னூல் பாயிரம் நூல் என்ற பெயருக்குக் காரணம் சொல்லும்போது பஞ்சில் நூற்ற இழையை மட்டும் சொல்லி நிற்காமல், மரத்தின் கோணல் தீர்க்கத் தச்சர் அடிக்கும் நூலையும் சொல்கிறது. வகுப்பில் அந்தப் பகுதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். நூல் பிடித்த கை ஒன்று அன்று எதிரே கட்டிலில் கிடந்ததால், விளக்கத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று.

ஃபில்லட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வளைவின் ஆரம் 0 என்று கொடுத்தால், மூலையை உருட்ட வேண்டிய கருவி இரண்டு கோடுகளையும் கொண்டுவந்து கூர்மையாக மூட்டிவிடும். சுவர்க்கோடுகளைச் சேர்க்க அனுபவசாலிகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சொற்பொருளைக் கொண்டு இதை ஊகிக்க முடியாது. நோட்டில் மைத்துனர் சொற்படி அதைத் தனியே எழுதினான்: ‘பூஜ்யம் போட்டால் மூலைமட்டம்.’

இரண்டாம் வாரத்தில் மென்பொருளே ஒரு வழி காட்டியது. மெனுவில் ஒரு சொல்லைத் தொட்டால், அதே கணத்தில் அடியிலுள்ள கட்டளை வரியில் அக்கட்டளையின் பெயர் எழுதப்படுகிறது. அடுத்து, முதற்புள்ளி எங்கே, தூரம் எவ்வளவு என்று கேள்வியும் வருகிறது. மேலே தொட்டுவிட்டுக் கீழே பார்க்கும் வழக்கம் மட்டும் வந்துவிட்டால், மெனு தானே கட்டளையைக் கற்பித்துவிடும். கட்டளைகளுக்குச் சுருக்கமும் உண்டு: லைனுக்கு எல், சர்க்கிளுக்கு சி, ஆஃப்செட்டுக்கு ஓ, ஃபில்லட்டுக்கு எஃப், டிரிமுக்கு டி-ஆர். நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கட்டினோம். பிற நிறுவனங்களின் வரைமென்பொருள்களிலும் பெரும்பாலும் இதே பெயர்களும் சுருக்கங்களும் வழங்குகின்றன என்பதால், இது ஒரு மென்பொருளுக்கான உழைப்பாகவும் நின்றுவிடாது.

இந்த வகைப்பாடு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் துருவிப் பார்த்தோம். 1963இல் ஐவன் சதர்லாண்ட் என்ற மாணவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற ஆய்வேட்டை அளித்தபோது, ஒளிப்பேனாவால் திரையில் கோடிழுக்கலாம் என்று காட்டினார். அங்கே இன்ன வேலை என்று சொல்லப் பக்கத்தில் பொத்தான்கள் இருந்தன. 1982 டிசம்பரில் வந்த ஆட்டோகேட்டின் தொடக்கப் பதிப்புகளில் திரையின் வலப்புறம் மேலிருந்து கீழாகச் சொற்கள் வரிசையாய் நின்றன. ஒரு சொல்லைத் தொட்டால் பழைய வரிசை மறைந்து அதன் உட்பிரிவு வரும். அதன் உச்சியில் எப்போதும் ‘ஆட்டோகேட்’ என்ற பெயர் இருக்கும். வழி தப்பினால் அதைத் தொட்டு முதல் வரிசைக்கு மீளலாம். தொலைந்தவர் வீடு திரும்ப ஒரு சொல். இன்றைய ரிப்பனில் அப்படியொன்று இல்லாதது குறையென்றே நமக்குப் படுகிறது. மெனுவும் கருவிப்பட்டைகளுமாக இருந்த ‘கிளாசிக்’ என்ற பழைய திரையமைப்பையும் 2014இல் வந்த 2015ஆம் பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அவன் வேலைக்குப் போன மூன்றாம் நாள், பொறியாளர் நீலம் வெளிறிய பழைய பிரதி ஒன்றைக் கொடுத்து, மாலைக்குள் இதை உள்ளே ஏற்று என்றிருக்கிறார். தரைத்தளம் மட்டும். கிழக்குப் பார்த்த வீடு. ஒன்பது அங்குலச் சுவர். படத்தில் 230 என்று குறிக்க வேண்டும், ஒன்பதை 25.4ஆல் பெருக்கிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அங்கே கிடைத்த முதல் பாடம். மெனுவை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வரைந்திருக்கிறான். பின்னால் வந்து நின்ற பொறியாளர், “என்ன தம்பி, மெனு பார்த்தா போடுற? இந்த வேகத்துல வீடே கட்டி முடிச்சிருவாங்களே” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிரவு நம்மிடம் தொலைபேசியில் அதைச் சொல்லும்போது குரல் சரியில்லை. “படம் முடிஞ்சுதா?” என்று கேட்டோம். முடிந்தது, ஏழரை மணிக்கு. “அளவு தப்பா?” இல்லை. நாம் வேறு கேட்கவில்லை.

மறுநாள் முதல் இடக்கையை விசைப்பலகையிலேயே வைத்துக்கொண்டானாம். மெனுவை ஒரேயடியாக மறைக்கவில்லை. தெரியாதபோது மட்டும் மேலே பார்ப்பது. இரண்டாம் வாரத்தில் மேலே பார்ப்பது நாளுக்குப் பத்துமுறை என்று எண்ணிச் சொன்னான். மூன்றாம் வாரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டான். மாதக் கடைசியில் பொறியாளர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி வழக்கம்போல் போனான்; யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஐந்தாம் தேதி சம்பளம் என்று ஓர் உறை கொடுத்தார்கள். பிரித்தெண்ணியது தங்கை.

நோட்டு இப்போது அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. சென்றமுறை போனபோது பார்த்தோம். மைத்துனர் தம் கையெழுத்தில் இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறார், மென்பொருளில் இல்லாத சொற்களாக. கரணை, மணியாசுக் கட்டை, தூக்குக்குண்டு, ரசமட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே வலப்பக்கம் வெறுமையாய் விடப்பட்டிருக்கிறது. பையனைக் கேட்டதற்கு, “அப்பா இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல என்ன பேர்னு எழுதச் சொன்னாரு. தேடிட்டு இருக்கேன் மாமா” என்றான்.